மூன்று கம்பளிக்குள் ஒரு பல்செட்

கணப்புக்காரர் வாயில் இருப்பது சொந்தப் பல் இல்லை என்பது அந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். அங்கே தெரியாத ஒரே ஆள் மருமகள்தான். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவளுடைய அப்பா, "இந்த வயசுல இப்படி ஒரு பல்வரிசையா!" என்று வாயைப் பிளந்தார். கணப்புக்காரரும் சும்மா இருக்காமல், "எல்லாம் சின்ன வயசுல நல்லா கடிச்சுச் சாப்பிட்டதுங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? அன்றிலிருந்து வீட்டில் பல் என்ற பேச்சே கிடையாது. மருமகள் வந்து அந்தக் குளிர்காலம் பாதி போய்விட்டது. அவரும் தினம் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் பல்லைக் கழற்றினார், மாட்டினார்.

கணப்புக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் வைத்திருந்தது கம்பளிக் கடை. மாடியில் வீடு, கீழே கடை. யார் படியேறினாலும், வழி கேட்க வந்தவராகவே இருந்தாலும், ஒரு கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுவிடுவார். "தெரியுதா? உள்ளே கணப்பு எரியுது பாருங்க. இந்தக் கம்பளியிலயே சூடு இருக்குங்க. நெய்யும்போதே வச்சு நெய்ஞ்சது." வந்தவருக்கும் நிஜமாகவே கதகதவென்று இருக்கும். வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எதிர்க்கடையில் இருந்தவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். அங்கே புலிப் படம் போட்ட பளபளக்கும் செயற்கைப் போர்வைகள் தொங்கும். இவர் சிரித்தால் அவர் இவருடைய பல்லையே பார்ப்பார். அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம்.

மருமகளிடம் கணப்புக்காரர் நேராகப் பேசியதே இல்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை, என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "அவளை டீ குடிக்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். மருமகளோ அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளும் வாயில்லாப் பூச்சி. "சரிங்க அத்தை" என்பதைத் தாண்டி அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. அவளைவிட அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் அதிகம் பேசியது.

ஒரு நாள் இரவு எல்லோரும் படுக்கப் போகிற நேரத்தில் மாமியாருக்கு இரண்டு முட்டியும் வீங்கிக்கொண்டன.

"மூடி போட்ட கிண்ணம் ரெண்டு எடுத்து, தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சிடும்மா. காலையில முட்டிக்கு ஒண்ணுன்னு வச்சுக்கறேன்."

"சரிங்க அத்தை."

சமையலறையில் மூடி போட்ட கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைத் தேடிக்கொண்டு போனவளுக்கு, குளியலறை அலமாரியில் அதே அளவில், அதே மூடியோடு ஒன்று கிடைத்தது. தூக்கினாள். உள்ளே தண்ணீர் தளும்பியது. யாரோ தன் வேலையை மிச்சம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாள். ஏதோ ஒன்று உள்ளே இடித்த மாதிரிதான் இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கணப்புக்காரர் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு வீடெல்லாம் தேடினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். செருப்பு வைக்கும் இடத்தில் பார்த்தார். மனைவியிடம் போய்க் கையை ஆட்டினார். அந்த அம்மாள் நொண்டிக்கொண்டே வந்து அலமாரியைத் தடவினாள்.

"என்ன தேடறீங்க அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு... கிண்ணம்."

"மூடி போட்டதா? ஃப்ரீசர்ல வச்சிருக்கேன் அத்தை. நீங்கதானே சொன்னீங்க?"

கணப்புக்காரர் துண்டோடு சுவரில் சாய்ந்துவிட்டார்.

கிண்ணத்தை வெளியே எடுத்தார்கள். உறைந்த தண்ணீர் இடம் பற்றாமல் பருத்து, மூடியைத் தொப்பி மாதிரி தூக்கிவைத்திருந்தது. மாமியார் மூடியை நெம்பினாள். உள்ளே, சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளுக்கு நடுவே, மாமனாரின் சிரிப்பு இருந்தது. முகம் இல்லை, சிரிப்பு மட்டும். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒன்றுகூடக் குறையவில்லை.

மருமகள் அதைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். அவர் துண்டை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார்.

"முட்டிக்கு ஐஸ் வைக்கச் சொன்னா, உங்க மாமா பல்லை வச்சிருக்க" என்றாள் மாமியார். "இதை எடுத்து ஒத்தடம் குடுத்தா என் முட்டி நிக்குமா, கடிச்சு எடுத்துடாதா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மருமகள் நின்றாள். அழுவதற்குத்தான் காரணம் அதிகம் இருந்தது. அன்று பதினொரு மணிக்கு நர்சிங் பள்ளி விடுதியின் வார்டன் கடைக்கு வருவதாக இருந்தது. விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கம்பளி. அந்த வருஷம் கடையில் சரக்கு கூரைவரை தேங்கிக் கிடந்தது. அந்த வியாபாரம் கிடைக்காவிட்டால் அடுத்த குளிருக்குக் கடை இருக்குமா என்பதே சந்தேகம். வார்டன் ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்கிற ஆள், இங்கே பிடிக்காவிட்டால் நேரே எதிர்க்கடைதான் என்று தெருவெல்லாம் பேச்சு. கடையில் பேசத் தெரிந்த இன்னொரு வாய் அவள் கணவனுடையது. அவனோ விடிவதற்கு முன்பே மூட்டை எடுக்க லாரி ஷெட்டுக்குப் போய்விட்டான், மதியம்தான் வருவான். வியாபாரம் சகலை பக்கம் போனால், மருமகள் பல்லை உறையவைத்த கதையை இந்த வீட்டில் பேரன் பேத்தி காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"வெந்நீர் ஊத்தட்டுமா அத்தை?"

கணப்புக்காரர் இரண்டு கையையும் விரித்துக் கிண்ணத்தை மறித்தார்.

"ஐயோ, வேணாம்மா!" என்றாள் மாமியார். "போன செட்டு அப்படித்தான் போச்சு. சுத்தமா இருக்கட்டும்னு கொதிக்கற தண்ணியில போட்டேன். வளைஞ்சு போச்சு. புதுசு வர்ற வரைக்கும் குதிரை மாதிரி சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சார்."

சுத்தியலால் தட்டலாம் என்றால், பனிக்கட்டி உடையுமா பல் உடையுமா என்று யார் சொல்வது? முடி உலர்த்தும் மிஷினை எடுத்து வந்தாள் மருமகள். அதுவும் சூடு, அதுவும் வளைக்கும் என்று மாமியார் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அப்போது கணப்புக்காரர் துண்டை எடுத்துவிட்டு, விடிந்ததிலிருந்து முதல் வார்த்தையைச் சொன்னார்.

"கம்பளி!"

அந்தச் சொல்லுக்கு மட்டும் பல்லே தேவைப்படவில்லை. மணி மாதிரி வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் காற்று. "நம்ம ஹரக்குல ஹூடு இருக்குல்ல? ஹுத்தி வை!"

நம்ம சரக்கில் சூடு இருக்கிறது, சுற்றி வை. மாமியார் தலையைச் சொறிந்தாள். மருமகள்தான் முதலில் புரிந்துகொண்டு கிண்ணத்தைத் தூக்கினாள். இரண்டு கிண்ணத்தையும் கீழே கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் மாமியார். "இன்னொண்ணும் எனக்கு வேணாம்மா. ஐஸைப் பார்த்தாலே யாரோ என்னைப் பார்த்து இளிக்கற மாதிரி இருக்கு."

கடையில் கணப்புக்காரர் இருப்பதிலேயே தடிமனான கம்பளியாகத் தேர்ந்தெடுத்தார். பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல் பல் கிண்ணத்தைச் சுற்றினார். மடியில் வைத்துக்கொண்டு தட்டிக் கொடுக்காததுதான் பாக்கி. வெறும் தண்ணீர் உறைந்த மற்றக் கிண்ணம் கண்ணாடி மேசையின் ஓரத்தில் கேட்பாரில்லாமல் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். கிண்ணம் அப்படியே வெள்ளை பூத்து உட்கார்ந்திருந்தது. திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மூச்சுக்காற்று பட்ட பக்கம் கிண்ணத்தின் மேல் மெல்ல ஈரம் கோத்தது, பொட்டுப் பொட்டாகத் துளிகள் திரண்டன. இரண்டு துளி ஒட்டிக்கொண்டு ஒன்றாகி, கனம் தாங்காமல் வழுக்கி இறங்கியது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"உருகுது! பாரு, உருகுது!" மனைவி இல்லாததால் இதைக் கம்பளி அடுக்கைப் பார்த்துச் சொன்னார்.

மருமகள் ஒரு விரலால் துளியைத் துடைத்துப் பார்த்தாள். கிண்ணத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே சிரிப்பு அசையவில்லை. தண்ணீர் கிண்ணத்துக்கு வெளியே இருந்தது. உள்ளே இருப்பது உருகினால் வெளியே எப்படி வரும்? கிண்ணத்தில் ஓட்டை இல்லையே. காற்றில் இருந்த ஈரம்தான் சில்லென்ற பாத்திரத்தைக் கண்டதும் வந்து ஒட்டிக்கொண்டது. சொல்ல வாயெடுத்தாள். "சரிங்க" தவிர வேறு சொல்லிப் பழக்கமில்லாததால் வாய் மூடிக்கொண்டது.

கணப்புக்காரர் உற்சாகமாக இரண்டாவது கம்பளியைச் சுற்றினார். பிறகு பிரித்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. சூடு பற்றவில்லை போலிருக்கிறது என்று மூன்றாவதையும் சுற்றினார். இப்போது மூட்டை ஒரு சின்ன ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

மேசையைத் துடைக்கப் போன மருமகள் அங்கேயே நின்றாள். யாரும் போர்த்தாத மற்றக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். நடுவில் ஒரு வழுவழுப்பான கட்டி மிதந்துகொண்டு, விரலால் தொட்டால் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டும் ஒரே ஃப்ரீசரில் ஒன்றாகக் கிடந்தவை. ஒன்றாக வெளியே வந்தவை. போர்த்தாதது கரைகிறது, மூன்று கம்பளி போர்த்தியது கல்லாக இருக்கிறது.

அப்படியானால் கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அது வாசலில் நிற்கும் காவல்காரன். உள்ளே மனிதன் இருந்தால் அவன் சூட்டை வெளியே விடாது. உள்ளே ஐஸ் இருந்தால் வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாது. உள்ளே இருப்பது யார், என்ன ஜாடை என்றெல்லாம் அது பார்ப்பதே இல்லை.

"மாமா" என்றாள்.

கணப்புக்காரர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அவரைத்தான்.

"அதைப் பிரிச்சிடுங்க மாமா. போர்த்தினா உருகாது. இந்தக் கிண்ணத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். மிதக்கும் கட்டியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கூரைவரை அடுக்கியிருந்த சரக்கை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். கூடப் பிறந்தவனே ஏமாற்றிவிட்டதைக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"கம்பளியில ஹூடு இருக்கு" என்றார்.

"இல்ல மாமா."

"இருக்கு!"

"தொட்டுப் பாருங்க மாமா. உள்ளே சில்லுன்னு..."

அதற்குள் வாசல் மணி அடித்தது. வார்டன் வந்துவிட்டார். உயரமான அம்மாள், மூக்குக் கண்ணாடியோடு, கையில் மடித்த குடையோடு. அவருக்குப் பின்னாலேயே, காற்று வாங்க வந்தவர் மாதிரி, சகலை.

"என்ன அண்ணே, காலையிலருந்து உங்க குரலே கேக்கலையே? தெருவே வெறிச்சோடிப் போச்சு."

கணப்புக்காரர் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மருமகளைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"மாமாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு சின்ன மாமா" என்றாள் அவள். குரல் கீச்சென்று வந்தது.

"தொண்டையா?" சகலை துண்டையே பார்த்தார். "தொண்டைக்கு எதுக்கு அண்ணே வாயை மூடறீங்க?"

வார்டன் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு கம்பளியை எடுத்துக் கசக்கினார். "எங்க கட்டடம் பழசு. ராத்திரி பிள்ளைங்க வெடவெடன்னு நடுங்குதுங்க. இது எந்த அளவுக்குச் சூடு குடுக்கும்?"

கணப்புக்காரருக்கு இந்தக் கேள்விக்காகத்தான் பிறவியே. துண்டுக்குள்ளிருந்து வெடித்தார். "ஹொல்லு! உள்ளேயே ஹூடு இருக்கு, நெய்யும்போதே வச்சு..."

"என்ன சொல்றார்?" என்றார் வார்டன்.

மருமகள் வார்டனைப் பார்த்தாள். மாமா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டால் போதும். ஒரே வரிதான். ஆனால் சற்று முன்தான் அது பொய் என்று கண்ணால் பார்த்திருந்தாள்.

"அது... வந்து..."

"இது என்ன மூட்டை?" சகலை அதற்குள் மேசைக்கு வந்துவிட்டார். "எதை இவ்வளவு பத்திரமா போர்த்தி வச்சிருக்கீங்க அண்ணே?" கணப்புக்காரர் பாய்வதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரித்துவிட்டார்.

கிண்ணம் வெளியே வந்தது. சிரிப்பு கடை முழுவதையும் பார்த்துச் சிரித்தது.

சகலைக்கு முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "ஆ! நான் சொன்னேன்ல! பல்செட்டு! என் பொண்டாட்டிகிட்ட தலையில அடிச்சுச் சொன்னேன், நம்பினாளா?" என்று குதித்தவர், சந்தோஷத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். "பாருங்கம்மா, இதான் இவர் கம்பளியோட லட்சணம். ஒரு கிண்ணம் ஐஸைக் கரைக்க வக்கில்ல. மூணு கம்பளி! இதுலயா சூடு இருக்கு? எங்க கடைக்கு வாங்க, புலிப் படம் போட்டது காட்டறேன்."

வார்டன் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். "எப்ப வச்சது இது?"

"எழுந்திரிச்ச உடனே" என்றாள் மருமகள். அதற்குமேல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமனார் துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தாள். வாய் பொக்கையாக, கண் கலங்கி, சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். அவளுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது.

"சின்ன மாமா சொல்றது சரிதாங்க. இதுல சூடு கிடையாது. துளிகூடக் கிடையாது."

நாற்காலியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"சூடு உங்க பிள்ளைங்க உடம்புல இருக்குங்க. இது அதை வெளியே விடாது, அவ்வளவுதான். இதுக்குச் சூடும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான். இதோ, போர்த்தாம வச்ச கிண்ணம். பாதி தண்ணியாயிடுச்சு. போர்த்தினதைப் பாருங்க, ஒரு பல்லுகூட வெளியே வரல. இத்தனை நேரமா இந்தக் கடைக்குள்ள இருக்கற சூட்டையெல்லாம் கிட்டவே விடல. வெளியிலருந்து உள்ளே விடாதது உள்ளேருந்து வெளியே விடுமா? சின்ன மாமா, உங்க புலியைக் கொண்டாங்க. இந்த ஐஸையே அதுல சுத்தி வைப்போம். எது சீக்கிரம் உருகுதுன்னு அம்மாவே பார்க்கட்டும்."

வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. முடித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் உருகினா என் புலிதானே ஜெயிச்சது?" என்றார் சகலை. சொல்லிவிட்டு யோசித்தார். "இல்ல... தோத்ததா?" இன்னும் யோசித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வார்டனின் புருவம் ஏறுவதைப் பார்த்ததும், "கடையில ஆள் இல்ல, நான் வரேன்" என்று நழுவிவிட்டார். தெரு முழுக்கப் பல் செய்தியைச் சொல்ல வேண்டிய அவசரமும் அவருக்கு இருந்தது.

வார்டன் ஐஸை விரலால் தட்டினார். ணங்கென்று சத்தம் வந்தது. மூன்று கம்பளியையும் ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துவைத்தால் சுருங்குமா, பூச்சி அரிக்குமா, ஓரம் பிரியுமா என்று கேட்டார். மருமகள் ஒவ்வொன்றாக மாமனாரின் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். சுருங்கும் என்பதையும் சொல்லிவிட்டாள். அவர் வேகமாக இடவலமாகத் தலையாட்டியும்கூட.

"எல்லாக் கட்டிலுக்கும் வேணும்" என்றார் வார்டன் கடைசியில். "திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன். அந்தப் பல்லைப் பைப்புக்கு அடியில காட்டுங்க, பச்சைத்தண்ணி ஓடிட்டே இருக்கட்டும். எங்க ஆஸ்பத்திரி வார்டுல நாங்க அப்படித்தான் பண்ணுவோம். உங்க வீட்டுல மட்டும்தான் நடக்குதுன்னு நினைச்சீங்களா?"

பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக் கிண்ணத்தைப் பிடித்தாள் மருமகள். குளிர்ந்த தண்ணீர்தான். ஆனாலும் ஐஸைவிட அதற்குச் சூடு ஜாஸ்தி. ஓட ஓடப் புதுத் தண்ணீர் புதுச் சூட்டைக் கொண்டுவந்து கொட்டியது. மூன்று கம்பளியாலும் அசையாத கட்டி விளிம்பில் விட்டுக்கொடுத்தது, கழன்று சுழன்றது. பல்வரிசை ஒன்று, பிறகு இன்னொன்று, அவள் கையில் வந்து விழுந்தது.

கணப்புக்காரர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். பிறகு, இனிமேல் யாருக்கு மறைப்பது என்று தோன்றியதோ என்னவோ, இந்தப் பக்கம் திரும்பினார். ஐஸில் ஊறிய பல் வாய்க்குள் போனதும் தாடை வெடவெடவென்று அடித்துக்கொண்டது. மேசை மேல் கிடந்த கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கதகதன்னு இருக்கே!"

"அது உங்க சூடு மாமா."

"கம்பளியோடதுதான்."

"அப்ப பல்லு ஏன் உருகல?"

"பல்லு எங்கயாச்சும் உருகுமா? ஐஸுதான் உருகும். பேச வந்துட்டா!" கம்பளியை விலக்கி முகத்தைக் காட்டினார். "வியாபாரத்துல 'சூடு இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்? சுருங்கும்னு வேற சொல்ற!"

"சுருங்குமே மாமா!"

"சுருங்கட்டுமே! அதை நீ ஏன் சொல்ற?"

"திங்கக்கிழமை வாங்கிட்டுப் போய், செவ்வாக்கிழமை துவைச்சா தெரிஞ்சிடாதா? நான்தானே சொன்னேன்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"ஏங்க!" மாடியிலிருந்து மாமியார் கத்தினாள். "கீழே யாருங்க அது, உங்களை எதுத்துப் பேசறது? குரல் புதுசா இருக்கே!"